கம்பெனி கலர்

சோப்புத் தண்ணி முழங்கை வரைக்கும் வடியுது, வடியட்டும். அமுக்கித் தேய்க்காதே மணி, அமுக்கினா சடக்குனு தகரம் வந்துரும், தகரம் வந்துட்டா அம்புட்டுத்தான், எந்தக் கலர் மேல எந்தக் கலர் கீழன்னு யாராலயும் சொல்ல முடியாது. லேசா, வட்டமா, பச்சப்பிள்ளைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி. ஆமா, பச்சப்பிள்ளைக்கு முதுகு தேய்ச்சு ரொம்பக் கண்டவ நீன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். வாட்டர் பேப்பரை, தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை, நாலா மடிச்சு வெச்சிருக்கேன், மக்குல சோப்புத் தண்ணி, முன்னால ஒரு ஜீப்பு. ஜீப்புன்னு சொல்லக்கூடாது, ஜீப்போட கூடு. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, நாலு மரக்கட்டை மேல ஒக்காந்திருக்கு. ஆடிக்காத்து வேற ஷெட்டு தகரத்தைப் பிடிச்சு ஆட்டுது. இந்தப் போடியில ஆடி மாசம் பெயிண்டு வேலை பாக்குறவ என்னைத் தவிர எவளும் இருக்க மாட்டா, காத்துல பறக்குற மண்ணு அம்புட்டும் ஈரப் பெயிண்டு மேலதான் வந்து ஒக்காரும். ஆனா இன்னைக்கு அடிக்கிற வேலை இல்லை, எடுக்கிற வேலை. ஒரு ரூபாக் காசு அகலத்துக்குத் தேய்க்கணும். நடுவுல ஆழமா, ஓரத்துல சரிவா. அப்படித் தேய்ச்சா வெங்காயத்தைக் குறுக்க வெட்டினாப்ல இந்த வண்டிக்கு இதுவரைக்கும் அடிச்ச கலர் எல்லாம் வளையம் வளையமாத் தெரியும். கடைசியா நடுவுல தெரியிறது கம்பெனி கலர். டாக்டருக்கு அது போதும். எனக்கு அது பத்தாது. எனக்கு மேல உள்ள வளையம் ஒவ்வொண்ணும் வேணும்.

டாக்டர்னா பல் டாக்டர். அரவாழின்னு பேரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி வெச்சிருக்காரு, என்னைவிடச் சின்னவரு, தங்கமான மனுசன், பழைய வண்டின்னா மட்டும் கிறுக்குப் பிடிச்சிரும். மலைக்கு அங்கிட்டு அடிமாலிப் பக்கம் காயலான் கடையில இதைப் பாத்துட்டு லாரியில ஏத்திக்கிட்டு வந்து நேரா எங்கிட்ட எறக்கினாரு. "அக்கா, ஜீப்புன்னாலே எல்லாரும் மிலிட்டரிப் பச்சையை அடிச்சு விட்டுர்றாங்க. எனக்கு அந்தப் பச்சை வேணாம். கம்பெனியை விட்டு வெளிய வர்றப்ப என்ன கலரோ அதான் வேணும்"னாரு. பல்லுச் சுரண்டுற கம்பியை வெச்சு வண்டியைச் சுரண்டுற ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன். டேஷ்போர்டுப் பெட்டியோட மூடியைக் கழட்டினாரு, அதோட உள்பக்கம் யாரும் மறுபடி அடிச்சிருக்க மாட்டாங்கன்னு. பச்சையா இருந்துச்சு. "பச்சைதான் டாக்டர், அப்புறம் என்ன, அடிச்சிருவோம்"னேன். "இல்லக்கா, இருட்டுலயே கெடந்த பெயிண்டு மஞ்சப் பூத்துரும். நீலத்து மேல மஞ்சள் ஏறினா பச்சையாத் தெரியும். வெயில் பட்டா எறங்கிரும்"னு சொல்லி மூடியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில காயப் போட்டாரு, வடகம் காயப் போட்ட மாதிரி. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. போன வாரம் எடுத்துட்டு வந்து காட்டினாரு. எஞ் சிரிப்பு செத்துருச்சு. மழைக்கு முந்தி கொட்டகுடிப் பக்கம் மேகம் கட்டி நிக்குமே, அந்தச் சாம்பல் நீலம். எங்க வண்டியோட கம்பெனி கலரு. டாக்டருகிட்ட ஒண்ணும் சொல்லல. என்னன்னு சொல்ல? அந்தக் கலர்ல ஒரு வண்டியா வந்திருக்கும், எத்தனையோ வந்திருக்கும். நம்பரைப் பாக்கலாம்னா உடம்பு ஒரு வண்டியோடது, சேஸு வேற வண்டியோடது, ஆர்சி புக்கு இன்னொரு வண்டியோடதாம். மலைக்கு அங்கிட்டு அப்படித்தான் மாத்தி மாத்திப் பூட்டுவாங்க. இந்தத் தகரத்தைத் தவிரக் கேக்குறதுக்கு வேற ஆள் இல்லை.

எங்க வண்டின்னா பவுன்ராசு வண்டி. பவுன்ராசு எம் புருசன். இந்தப் பட்டறை அவரு போட்டதுதான், பெயிண்டரு. மழைக்காலத்துல பெயிண்டு காயாது, பட்டறையில வேலை இருக்காது, அப்ப மட்டும் ஜீப்பு ஓட்டுவாரு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலைக்குப் போவாரு. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி இதே ஆடி மாசம் அப்படிப் போனவருதான். பொம்பளைகளைப் பூப்பாறையில எறக்கி விட்டிருக்காரு, அம்புட்டுப் பேரும் சாட்சி. திரும்பி வரல. வண்டியும் வரல ஆளும் வரல. அந்த வாரம் ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, கயிறு கட்டி ஆள் எறங்கிப் பாத்தாங்க, ஒரு சக்கரம்கூடக் கெடைக்கல. பள்ளத்துல போயிட்டான்னு பாதி ஊரு சொல்லுச்சு. எவளையோ கூட்டிட்டுப் போயிட்டான்னு மீதி ஊரு சொல்லுச்சு, எங்காதுல விழுகாத மாதிரிச் சொல்றதா நெனைச்சுக்கிட்டு நல்லா விழுகிற மாதிரிச் சொல்லுச்சு. நான் எதையும் நம்பல. எதை நம்பினாலும் எனக்குச் சோறு எறங்காது. அதனால ஒண்ணும் தெரியாதுன்னே இருந்துட்டேன். தெரியாதுங்கிறது ஒரு பெரிய சொகம், அதை வெச்சு பன்னெண்டு வருசம் ஓட்டலாம். கோயில்ல குங்குமத் தட்டை நீட்டுறவ எங்கிட்ட வந்ததும் ஒரு நொடி நிப்பா, குடுக்கவா வேணாமான்னு. வளைகாப்புக்குக் கூப்பிடுவாங்க, போனா எப்படி வந்தாங்கிற மாதிரி பாப்பாங்க. நானும் வெக்கங்கெட்டுப் போய் மொத ஆளா வளையல் போட்டு விட்டுட்டுத்தான் வருவேன். எங்கழுத்துல தாலி இருக்குல்ல, எவ என்ன கேப்பா?

இப்பக் கேக்குறாங்க. பன்னெண்டு வருசம் ஆள் வரலேன்னா தர்ப்பைப் புல்லுல ஆள் மாதிரிச் செஞ்சு, எரிச்சு, காரியம் பண்ணி, பொண்டாட்டி தாலியைக் கழட்டிறணும், எங்க பங்காளிக வழக்கம் அது. வர்ற அமாவாசைக்குச் சுருளி அருவிக்கு வேன் சொல்லியாச்சு. அவரோட அக்கா ராமுத்தாய் மதினிதான் தலைமை. நாலு நாளைக்கு முந்தி வந்து அதோ அந்த டயர் மேல ஒக்காந்து அழுதுச்சு. "ஏத்தா, எந்தம்பி ஆவி ஒரு வாய்த் தண்ணிக்கு அலையுதுத்தா. நீ அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அவன் எப்படித்தா கரையேறுவான்?" "உந்தம்பி செத்ததை நீ பாத்தியா மதினி?"ன்னேன். "ஒனக்கு மட்டுந்தான் வலியா? அவன் என் இடுப்புல வளந்தவன்டி"ன்னுச்சு. நான் தின்னர் டப்பாவைத் தூக்கிட்டேன். ஊத்தியிருப்பேனா? தெரியாது. மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடின ஓட்டத்தைப் பாத்து அப்புறம் தனியா ஒக்காந்து சிரிச்சேன், சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. பாவம், அதுக்கும் தம்பிதான். ஆனா கழுத்து என் கழுத்து. ஆள் இருக்கான்னு எவனாவது ஒருத்தன் சொல்லிட்டாக்கூடப் போதும், வேனும் வேணாம் சுருளியும் வேணாம். இல்லைன்னு சொன்னாலும் சரி, நானே கழட்டிருவேன், ஒருத்தியும் தொட வேணாம். எதுன்னாலும் இந்தத் தகரம் சொல்லட்டும்.

வெள்ளை போகுது. வெள்ளைகூட இல்லை, பழைய மோர் கலரு. கை மரத்துப்போச்சு, வெரல் எல்லாம் ஊறின கொண்டக்கடலை மாதிரி ஆயிருச்சு. எங்க தேய்க்கிறேன்னா முன்கண்ணாடிக்கு மேல குறுக்க ஓடுதே தகரப் பட்டை, அதோட எடது ஓரத்துல. பின்னாடி வாங்கினவன் எவனோ படுதாவை இழுத்து இதுக்கு மேல இரும்புப் பட்டை வெச்சு முறுக்கியிருக்கான், அதனால அடிக் கலர் எல்லாம் வெயில் மழை படாம அப்படியே கெடக்குதுன்னு டாக்டர் கண்டுபிடிச்சாரு. "அக்கா, இங்கதான் கதை முழுசா இருக்கும்"னாரு. அவருக்கு வெளையாட்டு. சரி, மொதல்ல கணக்கைச் சரியா வெச்சுக்க மணி, அப்புறம் கண்டதைக் கண்டபடி நெனைக்காதே. எங்க வண்டின்னா அடியில சாம்பல் நீலம் இருக்கணும். அதுக்கு மேல மயில்கழுத்து நீலம் இருக்கணும், அது நானும் அவரும் சேந்து அடிச்சது, கடையில விக்கிற மயில்கழுத்து இல்லை, நான் கலந்தது. ரெண்டுக்கும் நடுவுல சாணி இருக்கணும். சாணின்னா நெசச் சாணி இல்லை. வேலை முடிஞ்சு டப்பா அடியில நிக்கிற மிச்சக் கலர் எல்லாத்தையும் அந்த மனுசன் ஒரே டின்னுல ஊத்தி வெப்பாரு. செகப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் சேந்து சாணி மாதிரி ஆயிரும். எல்லாப் பெயிண்டரும் அடியில ரெட் ஆக்சைடு இழுப்பான், இவரு மட்டும் அந்தச் சாணியை இழுப்பாரு. லேசுல காயாது, வருசம் போனாலும் வாட்டர் பேப்பர்ல பிசுபிசுன்னு ஒட்டும், அதைத் தேய்க்கிறது என் வேலை, திட்டிக்கிட்டே தேய்ப்பேன். "ஊருல ஓடுற வண்டி அம்புட்டும் இதுக்குள்ள இருக்குடி மணி"ன்னு பீடியைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. வேற எவனும் அப்படிச் செய்ய மாட்டான். செஞ்சா அவனை மறுநாளே கடையை மூடச் சொல்லிருவாங்க.

ஆக மயில்கழுத்து வரலேன்னா இது யாரு வீட்டு வண்டியோ, எனக்கென்ன. மயில்கழுத்து வந்து, அதுக்கு மேல பட்டி வந்தா, அதாவது ஒடுக்கு விழுந்த எடத்தை நிரப்புவாங்களே அந்தப் பட்டி, கனமா வந்தா, வண்டி உருண்டிருக்குன்னு அர்த்தம். எவனோ பள்ளத்துல இருந்து தூக்கி, தட்டி நிமித்தி, வித்திருக்கான். அப்ப அவரு இல்லை. மயில்கழுத்துக்கு மேல மறுபடியும் சாணி வந்தா? வந்தா அவரு கைதான். எங்கிட்ட இருந்து போன பெறகு, எங்கேயோ ஒரு ஷெட்டுல நின்னு, இதே வண்டிக்கு, மயில்கழுத்து தெரியக்கூடாதுன்னு அவரே மறுபடி பெயிண்டு அடிச்சிருக்காரு. மூணே மூணுதான். இதுல எது வரணும்னு வேண்டிக்கிட்டே தேய்க்கிற? சொல்லு பாப்போம். பட்டி வரணும்னா ஆளு பொணமா? சாணி வரணும்னா? ச்சீ, வாயை மூடிட்டுத் தேய்.

செகப்பு வந்துருச்சு. மோருக்கு அடியில செங்கல் கலர்ல வளையம். ரெட் ஆக்சைடு, வேற எவனோ அடிச்சது, அது கெடக்கட்டும். தண்ணி ஊத்து. இன்னும் கொஞ்சம். மெரூன். கருஞ்செகப்பு, வத்தல் கலரு. மெரூன்ல ஜீப்பு அடிக்கிறவன் எவன்டா? மெலிசான பேப்பரை எடுத்துக்க மணி, இனிமே சொரசொரப்பு ஆகாது. அன்னைக்கு மயில்கழுத்து கலக்குறப்ப எம்புட்டு ஊத்தியும் வரல. நீலத்துல பச்சையை ஊத்தினா பாசி மாதிரிப் போகுது, கறுப்பை ஊத்தினா செத்துப்போகுது. "விடுடி, ஜீப்பு என்ன கல்யாணப் பொண்ணா?"ன்னாரு. நான் விடல. கடைசியில மஞ்சளை ஒரு சொட்டு, ஒரே சொட்டு, குச்சி நுனியில தொட்டு விட்டேன், வந்துருச்சு. எங்கையைப் பிடிச்சு அந்தக் கலரோட மொகத்துல வெச்சுக்கிட்டாரு. ஒரு கன்னம் முழுக்க மயில்கழுத்து. அப்படியே டீக்கடைக்குப் போனாரு கூச்சமே இல்லாம. அந்த மனுசனா. அந்த மனுசனா போவாரு? கை ஏன் நிக்குது? தேய்.

பிசுபிசுங்குது.

இரு. பேப்பர் ஒட்டுது. தண்ணி பத்தலையா இருக்கும், ஊத்து, ஊத்தித் தொடை. ஒட்டுது. மெரூனுக்கு அடியில சாணி. நல்லாப் பாரு, கண்ணாடியைப் போட்டுட்டுப் பாரு. சாணி மணி, சாணிதான், வெரல்ல ஒட்டுது, மோந்து பாத்தா ஒரு வாசமும் இல்லை ஆனா எனக்கு வருது. பட்டி இல்லை. ஒரு பொட்டு பட்டி இல்லை. தகரம் நேரா, அன்னைக்கு வெளிய போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கு. அதுக்கு அடியில, இந்தா, இந்தா வருது, ஆத்தி, என் நீலம். எங்கண்ணே பட்டுரும். ஊசி அகலத்துக்கு வளையம், அதுக்குள்ள மறுபடி சாணி, அதுக்குள்ள நடுவுல மேகக் கலரு. எங்க வண்டி. எங்க வண்டிடி இது. பள்ளத்துல போகல. மண்ணு மூடல. பவுன்ராசு சாகல!

ஐயோ என்னைப் பெத்தவளே, நான் சிரிக்கிறேனா அழுகுறேனா, ஷெட்டுக்குள்ள ஆள் இல்லாதது நல்லதாப் போச்சு. ஏ ராமுத்தாய் மதினி, வா இங்க, வந்து பாரு, உந்தம்பி இருக்கான், ஆவியா அலையல, மெரூன் பெயிண்டை அடிச்சுக்கிட்டு எங்கேயோ சோறு தின்னுக்கிட்டு இருக்கான். வேனை வேணாம்னு சொல்லு. தர்ப்பையை மாட்டுக்குப் போடு. எங்கழுத்துல எவ கையை வெப்பா இனிமே? தாலியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டேன், சோப்புத் தண்ணி கண்ணுக்குள்ள போயிருச்சு, எரியுது, எரியட்டும். ஏன் வரலேன்னு இப்பக் கேக்க வேணாம். ஒரு நிமிசம் கேக்காம இரு. எங்கேயாவது அடிபட்டு நெனைவு தப்பிருக்கும். போலீஸ் கேஸ் எதாவது ஆயிருக்கும், பயந்துபோய் ஒளிஞ்சிருப்பாரு, அதான் கலரை மாத்தியிருக்காரு. கஞ்சா மூட்டையை எவனாவது ஏத்தி விட்டிருப்பான், இந்த மனுசன் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுற ஆளு. பேசியிருக்கலாம்ல, ஒரு போன் போட்டு மணி நான் இருக்கேன்னு ஒரு வார்த்தை. போன் நம்பரு மறந்திருக்கும். பட்டறை மறந்திருக்குமா? போடி மறந்திருக்குமா? மலைக்கு அங்கிட்டு எறங்கினா ஒரு பஸ்தானே. வாயை மூடுன்னு சொன்னேன்ல, கேக்காதேன்னு சொன்னேன்ல. இருக்காரு. அது போதும். இன்னைக்கு அது போதும்.

போனு அடிக்குது. டாக்டர். "அக்கா, அடி வந்துருச்சா?" "வந்துருச்சு டாக்டர். சாம்பல் நீலம்." எங்கொரலு எனக்கே வேற ஆள் கொரல் மாதிரிக் கேக்குது. "நான் சொன்னேன்ல! சூப்பர்க்கா. ஒரே எடத்தை வெச்சு முடிவு பண்ண வேணாம், பட்டைக்கு நடு மத்தியில இன்னொண்ணு தேய்ச்சிருங்க. ஒரு பல்லைப் பிடுங்கிட்டா ஓடி வந்துருவேன்." சரின்னேன். இன்னைக்கு எம்புட்டு வேணும்னாலும் தேய்ப்பேன், இந்த வண்டியைத் தேய்க்க எனக்குக் கசக்குமா? ஸ்டூலை நகத்திப் போட்டு ஏறினேன். நடு மத்தியில வெரலை வெச்சதுமே என்னமோ தட்டுச்சு. மேடு. மோருக்கு அடியில மேடு மேடா, வரி மாதிரி. பட்டியா? இங்கதான் அடி பட்டிருக்குமோ? ஒரு ஓரம் தப்பிச்சு நடுவுல நசுங்கியிருக்குமோ? சொரசொரப்புப் பேப்பரை எடுத்து பரபரன்னு இழுத்தேன், வட்டமாவது ஒண்ணாவது, நீளத்துக்கு இழுத்தேன். மேடா இருக்கிறதுதானே மொதல்ல தேஞ்சு வெளிய வரும். மஞ்சள் வந்துச்சு. மெரூன் மேல மெல்லிசா ஒரு கோடு, வளைஞ்சு போகுது. பட்டி மஞ்சளா இருக்காது. அப்புறம் ஒரு சுழி. எழுத்து.

அவரு எழுத்து. இந்த ஊருல பாதி வண்டிக்குப் பேரெழுதினது அவருதான், பிரஷ்ஷை எடுக்கிறப்ப எழுத்தோட வாலைக் கொஞ்சம் தூக்கி விடுவாரு, எனக்குத் தெரியாதா? மலையில ஓடுற எந்த ஜீப்பைப் பாத்தாலும் முன்கண்ணாடிக்கு மேல, நடு மத்தியில, என்ன எழுதியிருக்கும்? சாமி பேரு எழுதினா பானெட்டுல. இந்த எடம் சாமிக்கு இல்லை. இந்த எடத்துல வீட்டுப் பிள்ளைக பேருதான் எழுதுவாங்க. ஒவ்வொருத்தனுக்கும் அவன் பிள்ளைக பேரு. எதிர்ல வர்ற டிரைவரு அந்தப் பேரைப் படிச்சு, ஓ இன்னார் வண்டின்னு கையைத் தூக்குவான். கையை எடு மணி. படிக்காதே. கலரைப் பாத்தாச்சுல்ல, சாணியைப் பாத்தாச்சுல்ல, எறங்கி வந்துரு. எறங்கல. எவ எறங்குவா? தேய்ச்சேன். 'ர்'. அதுக்கு முன்னாடி 'ல'. 'ம'. மலர். ஊருல ஆயிரம் மலர் இருக்கும், தேன்மலர், பூமலர், கயல்மலர். தேய்ச்சேன். 'னி'. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, கண்ணாடிச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன். 'ப' வர்ற வரைக்கும் தேய்ச்சேன்.

பனிமலர்.

அடப்பாவி. அடப்பாவி மட்டை. அந்தப் பேரை நான்தானடா சொன்னேன். கல்யாணமான மறுவருசம் வயித்துல நின்னப்ப, ரேடியோவுல எவளோ நெல்லு வெதைக்கிறதைப் பத்திப் பேசிட்டு, நன்றி, உங்கள் பனிமலர்னு சொல்லிட்டுப் போனா. பொம்பளப் பிள்ளைன்னா இந்தப் பேரு வெப்போம்னேன். "கேக்குறப்பவே குளிருதுடி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்"னு கேலி பண்ணின. மூணாம் மாசம் கலைஞ்சுபோச்சு. அடுத்தது நாலாம் மாசம். அதுக்கப்புறம் அந்தப் பேரை நாம ரெண்டு பேரும் வாயால சொன்னதே இல்லை. நான் சொன்னா நீ அழுவ, நீ சொன்னா நான் அழுவேன்னு. என்னை விட்டுட்டுப் போன, சரி. எவளையோ கட்டிக்கிட்ட, சரி, ஊரே சொன்னதுதான். பெத்துக்கிட்ட, பெத்துக்க, எனக்குக் குடுப்பினை இல்லை. பேரு எதுக்குடா எடுத்துட்டுப் போன? ஊருல வேற பேரே இல்லையா? இந்த வண்டியை எடுத்துக்கோ, எம் மயில்கழுத்து மேல வத்தல் கலரை இழுத்துக்கோ, என்னை பன்னெண்டு வருசமும் குங்குமத் தட்டு முன்னாடி நிக்க வெச்சு வேடிக்கை பாரு. அந்த ஒண்ணை மட்டும் விட்டு வெச்சிருக்கலாம்ல. அது ஒண்ணுதான எங்கிட்ட இருந்துச்சு. நீ பள்ளத்துல விழுந்தே செத்திருக்கக் கூடாதாடா. உருண்டு, நசுங்கி, மண்ணு மூடி, ஒரு கை பட்டி இங்க இருந்திருக்கக் கூடாதா. நான் சுருளியில முங்கி எந்திரிச்சு மொட்டைக் கழுத்தோட வந்து ஒருபாடு அழுது தீத்திருப்பேனே.

கத்தினேனா மனசுக்குள்ள பேசினேனான்னு தெரியல. தொண்டை வலிக்குது, கத்தியிருப்பேன். மக்கு கவுந்து கெடக்கு. கையில வாட்டர் பேப்பர் இருக்கு. நடு மத்தியில கம்பெனி கலர் வரணும்னா இந்தப் பேரு மேலதான் தேய்க்கணும். தேய், இப்பத் தேய், தேய்ச்சு வழிச்சு எடு, நாளைக்கு எப்படியும் வண்டி முழுக்க உரிக்கப் போறோம், நீ எடுக்காட்டி ஆசிட்டு எடுக்கும். 'ப' மேல பேப்பரை வெச்சேன். அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்? பள்ளிக்கூடம் போகும். ரெட்டைச் சடை போட்டு விடுவாளா அவ? மாநெறமா இருக்குமா, அப்பன் மாதிரி மூக்கு அகலமா இருக்குமா? பனிமலர் வாடி, பனிமலர் சாப்பிட வாடின்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவாங்க. மழையில போனா நெசமாவே சளி பிடிக்குமா? கை போக மாட்டேங்குது. என்னன்னாலும் பிள்ளை பேரு. பிள்ளை பேரை அழிக்கக் கூடாது, அந்தப் பிள்ளை எனக்கு என்ன பண்ணுச்சு? முந்தானையை எடுத்து எழுத்து மேல நின்ன சோப்புத் தண்ணியைத் தொடைச்சு விட்டேன். கீழ எறங்கி டயர்ல ஒக்காந்தேன். காத்து இன்னும் தகரத்தைத்தான் ஆட்டிக்கிட்டு இருக்கு.

டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்துறாரு. வர்றப்பவே குனிஞ்சு எடது ஓரத்தைப் பாத்துட்டாரு, மொகமெல்லாம் சந்தோசம். "ஆத்தாடி, என்னா வளையம்க்கா இது! இதைத் தேய்க்கவே கூடாது, போட்டோ எடுத்து ஆஸ்பத்திரியில மாட்டிருவேன். இது என்ன நடுவுல, சாணி மாதிரி? அக்கா, எந்தப் பெயிண்டர் இப்படி அடிச்சான்?" அப்புறம்தான் அவரு மேல பாத்தாரு. "பேரா? பனிமலர். நல்லாருக்கே. ஏங்க்கா பாதியில நிறுத்திட்டீங்க, இதுக்கு அடியிலயும் பாக்கணும்ல?"

"அடியில அதேதான் டாக்டர். சாம்பல் நீலம், அதுக்கு மேல மயில்கழுத்து. தேய்க்காமலே சொல்லுவேன். இது எங்க வண்டி."

அவருக்கு மொதல்ல வெளங்கல. சாவியை விரல்ல சுத்திக்கிட்டு இருந்தவரு சுத்துறதை நிறுத்தினாரு. எங்க கதை போடி முழுக்கத் தெரிஞ்ச கதை, அவரு ஆஸ்பத்திரி நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு ஒக்காந்து எத்தனை பேர் சொல்லியிருப்பாங்களோ. மொகம் அப்படியே வெளுத்துப்போச்சு. செருப்பைக் கழட்டிட்டு எம் பக்கத்துல தரையில வந்து குத்தவெச்சாரு.

"அக்கா... எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா உங்ககிட்டக் கொண்டாந்திருக்கவே மாட்டேன். வண்டி கெடைச்சிருச்சுன்னா, அப்ப அண்ணன்..." கண்ணு கலங்கிருச்சு. நல்ல மனுசன்.

"அட, அழுகாதீங்க டாக்டர், இருக்காரு"ன்னேன். "நல்லா இருக்காரு. ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு."